வெளிப்பக்கம் திறக்க வேண்டிய கதவு

“போன தடவை வந்தப்போ இரண்டாவது வாசல் இல்லைன்னு எழுதிட்டுப் போனேன், இந்தத் தடவை இரண்டாவது வாசலுக்கு அனுமதி இல்லைன்னு எழுத வேண்டியிருக்கு, நடுவுல நான் என்னம்மா பாவம் பண்ணேன்?”

இதையேதான், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல், உரிமம் கொடுக்கிற ஆபீஸிலிருந்து வந்த ராஜாங்கம் மூன்றாவது தடவையாகச் சொன்னார். மூன்றாவது தடவையும் ஜெசிந்தா அதே பதிலைச் சொன்னாள்.

“வாசல் கேட்டீங்க. வந்திருக்கு. வந்ததை எழுதிக்கிட்டுப் போங்க.”

“வந்திருக்குன்னா? கட்டினது யாரு?”

“யாரும் கட்டலை. கொத்தனார் தவக்காலம் முடியட்டும்னு சொன்னான். அவன் வர்றதுக்குள்ள இது வந்துடுச்சு.”

“அப்படி எழுத என் படிவத்துல கட்டம் இல்லைம்மா.”

“உங்க படிவத்துல எதுக்குத்தான் கட்டம் இருக்கு, சொல்லுங்க பார்ப்போம்.”

ஜெசிந்தாவின் இரண்டு பையன்களும் படித்து முடித்து வேறு ஊர்களுக்குப் போனபின் அவள் வீட்டுக் கூடம் சும்மா கிடந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் கழுத்தில் சாவியைத் தொங்கவிட்டுக்கொண்டு அம்மா வரும்வரை பூட்டிய வீட்டு வாசல்களில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒரு பிள்ளையை உள்ளே கூப்பிட்டாள். ஒன்று மூன்றாகி, மூன்று ஒன்பதாகி, இப்போது பத்தொன்பது பிள்ளைகள் மூன்றே முக்காலுக்கு வந்து கைகால் கழுவி, சுண்டலோ அவலோ சாப்பிட்டு, வீட்டுப்பாடம் எழுதி, ஏழு மணிக்குப் போகிறார்கள். அத்தோடு இருந்திருக்கலாம். தெருவில் யாரும் அவளிடம் உரிமம் இருக்கிறதா என்று கேட்கவில்லை. ஆனால் அவள் பன்னிரண்டு வருஷம் கன்னியர் மடத்துப் பள்ளியில் படித்தவள், மார்ஜின் போடாத பக்கத்தைக் கண்டாலே கை அரிக்கிறவள். பள்ளி நேரத்துக்குப் பின் பிள்ளைகளை வைத்துக்கொள்கிற எல்லா இடமும் உரிமம் வாங்க வேண்டும் என்று யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பிய அன்று சாயந்தரமே விண்ணப்பம் போட்டுவிட்டாள்.

“கிணத்தைத் தேடிப் போய் விழறவளை நான் இன்னைக்குத்தான் பார்க்கறேன்” என்று சொல்லிவிட்டு அவள் கணவர் சவரி பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இருபத்து மூன்று விதிகள். தலைக்கு இத்தனை சதுர அடி என்றார்கள், அளந்து காட்டினாள். தீயணைக்கும் சிலிண்டர் என்றார்கள், வாங்கி மாட்டினாள். மணல் வாளி என்றார்கள், மணல் நிரப்பி, பூனை வந்து அசிங்கம் பண்ணாமலிருக்க மூடியும் போட்டாள். குடிதண்ணீருக்குச் சான்று, கட்டட உறுதிக்குச் சான்று, அவள் யாரையும் வெட்டிக் குத்தவில்லை என்பதற்குக் காவல் நிலையத்தில் சான்று, ஐம்பத்து மூன்று வயதில் அவளுக்குத் தொற்றுநோய் எதுவும் இல்லை என்பதற்கு அரசாங்க டாக்டரிடம் சான்று, ஒவ்வொன்றிலும் மூன்று நகல், ஒவ்வொரு நகலிலும் கையெழுத்து. எல்லாம் கொடுத்தபின் ராஜாங்கம் வந்து, கூடத்தின் பின்சுவரைத் தட்டிப் பார்த்து, “இரண்டாவது வெளியேறும் வழி இல்லாமையால் விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது” என்று சீல் குத்திய தாளை முன்கதவில் மைதா பசை தடவி ஒட்டிவிட்டுப் போனார். அது புதன்கிழமை.

வியாழக்கிழமை காலை காபி போட எழுந்தபோது பின்சுவரில் கதவு இருந்தது.

பச்சைப் பெயின்ட் அடித்த, ஒற்றைப் பலகைக் கதவு. இரும்புத் தாழ்ப்பாள். நாற்பது வருஷமாக அங்கேயே இருந்து பழகியதுபோல் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பியிருந்தது, பிள்ளைகளின் கை படுகிற உயரத்தில் பெயின்ட் தேய்ந்து மரம் தெரிந்தது. சுவருக்குப் பின்னால் சாக்கடைச் சந்துதான், எல்லோருக்கும் தெரியும். ஜெசிந்தா தாழ்ப்பாளை இழுத்தாள். அசையவில்லை. துரு என்று தேங்காய் எண்ணெய் விட்டாள். அதற்கும் அசையவில்லை. அரிசி களைய நேரமாகிவிட்டது, போய்விட்டாள்.

சாயந்தரம் நாலு மணிக்கு, நூல் மில்லில் வேலை பார்க்கும் தவமணியின் மகள் எட்டி அந்தத் தாழ்ப்பாளைத் தொட்டாள். வெண்ணெயில் கத்தி போவதுபோல் அது விலகியது. கதவை உள்பக்கமாக இழுத்ததும் மில்லின் இரைச்சல் கூடத்துக்குள் வந்து விழுந்தது, பின்னாலேயே பஞ்சுத் தூசி வந்தது. எதிரே மெஷின் வரிசைக்கு நடுவில் தொப்பி போட்டு நின்றிருந்த தவமணி திரும்பிப் பார்த்து, “என்னடி, வீட்டுப்பாடம் முடிச்சுட்டியா?” என்றாள்.

“இன்னும் கணக்கு இருக்கும்மா.”

“முடிச்சுட்டு வா. கதவைச் சாத்து, தூசி.”

அவ்வளவுதான். அடுத்த பிள்ளை கை வைத்தபோது ஜவுளிக்கடையின் சுங்குடி பிரிவு, அதற்கடுத்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடி வார்டு, அதற்கடுத்த பிள்ளைக்குப் பேருந்து நிலையத்து டீக்கடையின் பின்கட்டு, இப்படி யார் கை தாழ்ப்பாளில் பட்டதோ அவர்களுடைய அம்மா எங்கே இருந்தாளோ அங்கே அந்தக் கதவு திறந்தது. இந்தப் பக்கத்தவர்கள் போகலாம், வரலாம். அம்மாக்களால் மட்டும் நிலைப்படியைத் தாண்ட முடியவில்லை, கை வந்தது, கால் வரவில்லை. இரண்டு பிள்ளைகளுக்கு, ஜெசிந்தாவுக்கு ஆனதுபோலவே, தாழ்ப்பாள் அசையவே இல்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. அந்த இரண்டு பேருக்கும் நேரம் முடிந்ததென்று மணி அடிக்கிற பொறுப்பைக் கொடுத்தாள். பத்தொன்பது பேரில் மற்றவர்கள் பொறாமைப்பட்டது அந்த மணிக்குத்தான்.

ஜெசிந்தாவைக் கவலைப்படுத்தியது கதவு இல்லை, ஒன்பதாவது விதி. உள்ளே வருகிறவர், வெளியே போகிறவர் எல்லோரும் பதிவேட்டில் பெயர், உறவு, இடம், நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். இருநூறு பக்க நோட்டு ஒன்றுக்குக் கோடு போட்டு, பேனாவைச் சணலில் கட்டி, கதவுக்குப் பக்கத்தில் ஆணியடித்துத் தொங்கவிட்டாள். மில்லிலிருந்தும் வார்டிலிருந்தும் டீக்கடையிலிருந்தும் கைகள் மட்டும் இந்தப் பக்கம் நீண்டு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயின.

ஒரு வாரத்தில் தெருவுக்குத் தெரிந்தது, இரண்டாவது வாரத்தில் தெருவே வந்தது. கட்டிக்கொடுத்து இந்தத் தெருவுக்கு வந்த மருமகள்கள் எல்லோரும் பதினொரு மணிக்குச் சோறு வடித்துவிட்டு வரிசையில் நின்றார்கள். ஒருத்தி நத்தத்துக்குப் போய் அம்மாவுக்குக் காலில் தைலம் தேய்த்துவிட்டு வந்தாள், ஒருத்தி வத்தலக்குண்டுக்குப் போய்ச் சண்டை போட்டுவிட்டு வந்தாள், ஒருத்தி ஒட்டன்சத்திரத்துக்குப் போய் ஒன்றும் செய்யாமல் அரைமணி நேரம் தூங்கிவிட்டு வந்தாள். போகும்போது வெறுங்கை, வரும்போது முருங்கைக்காய், நெய், கருவாடு. ஜெசிந்தாவின் கூடம் சந்தைபோல் நாறியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு ஆம்பளையை மட்டும் அவள் வாசலிலேயே நிறுத்தினாள். “பெட்டியோட போறவங்களுக்கு அனுமதி கிடையாது. போய்ப் பொண்டாட்டிகிட்ட மன்னிப்புக் கேளுங்க.” கோயில் சாமியார் பிரசங்கத்தில் கதவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கூட்டம் குறைவாக இருக்குமா என்று ஆளனுப்பிக் கேட்டார்.

எதிர்வீட்டு முத்துராக்குதான் சண்டைக்கு வந்தாள். “ஏன் ஜெசிந்தா, நல்லா இருந்த குடும்பத்தைக் கெடுக்கறியே, என் மருமக தினம் அவங்காத்தா வீட்டுல போய் உக்காந்தா எனக்கு யாரு வெந்நி வைக்கிறது?”

“நீங்களும் போயிட்டு வாங்கக்கா. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க.”

முத்துராக்குவுக்கு எழுபது வயது. செருப்பை வாசலில் விட்டாள். பிறகு போய்த் தாழ்ப்பாளில் கை வைத்து இழுத்தாள், இன்னும் கொஞ்சம் இழுத்தாள், கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, “துரு” என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் மருமகளைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை.

ஆனால் ஜெசிந்தா கோடு போட்ட நோட்டில் எந்த வரியை முதலில் பார்ப்பாள் என்றால், தினம் நாலு பத்துக்கு விழுகிற வரியைத்தான். அது கனிஷ்காவின் வரி. மூன்றாம் வகுப்பு. அவள் அம்மா பஞ்சவர்ணம் வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போய்ப் பத்து மாசம் ஆகியிருந்தது, ஒப்பந்தப்படி இன்னும் பதினாலு மாசம் பாக்கி. கனிஷ்கா சித்தி வீட்டில் இருந்தாள். சித்திக்குக் காலையில் அவசரம், ஒரே வாரலில் ரப்பர்பேண்ட் போட்டு அனுப்பிவிடுவாள், இரட்டைச் சடை இல்லையென்று பள்ளிக்கூடத்து டைரியில் தினம் எழுதி வரும். கதவு வந்த நாளிலிருந்து நாலு பத்துக்குக் கனிஷ்கா தாழ்ப்பாளைத் திறப்பாள். ஜெசிந்தாவின் மொத்த வீட்டளவு பெரிய ஒரு சமையலறை தெரியும், ஏசி குளிரும் ஏலக்காய் போட்ட சோற்று வாசனையும் வரும். அங்கே அப்போது மத்தியானம், சாப்பிட்டுவிட்டு அந்த வீட்டு எஜமானி தூங்குகிற நேரம். பஞ்சவர்ணம் பாத்திரத்தை அப்படியே விட்டுவிட்டு நிலைப்படிக்கு அந்தப் பக்கம் சம்மணம் போட்டு உட்காருவாள். இந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார்ந்த கனிஷ்கா ஜியாமெட்ரி பாக்ஸிலிருந்து சீப்பை எடுத்துத் தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டுவாள். மறுநாள் டைரியில் எழுதி வராதபடி, ராத்திரி தூங்கினாலும் கலையாதபடி, இறுக்கமாக இரட்டைச் சடை. பெரிய பேச்சு ஒன்றும் இருக்காது.

“தலையை நேரா வை.”

“வலிக்குதும்மா.”

“வலிக்கட்டும். நேரா வை.”

பின்னி முடித்ததும் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டில் எழுதுவாள்: பஞ்சவர்ணம், தாய், குவைத், 4.10 முதல் 4.25 வரை.

இந்த நோட்டைத்தான் இப்போது ராஜாங்கம் பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டிருந்தார். ஜெசிந்தாவுக்கு அவர்மேல் இருந்த எரிச்சலில் பாதி, அவர் கெட்ட மனுஷனாக இல்லாமல் போனதே என்பதுதான். கெட்டவனாக இருந்தால் நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டு அனுப்பிவிடலாம். இவர் டீயைக் குடித்து டம்ளரைக் கழுவி வைக்கிறார்.

“வழி எங்க போகுதுன்னு நானே போய்ப் பார்த்தாத்தான் மேடம் எழுத முடியும்.”

“அடையாள அட்டை காட்டுங்க. கையெழுத்துப் போடுங்க. உறவுங்கிற இடத்தைக் காலியா விடாதீங்க.”

போட்டார். தாழ்ப்பாளை இழுத்தார். வெயில் அடிக்கிற ஒரு முற்றம், மாட்டுச்சாண வாசனை, சாக்கு விரித்துப் புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி. அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தாள்.

“யாரு, ராசாங்கமா? ஏண்டா இப்படி இளைச்சுட்ட? மூணு வருசமா வழி மறந்துபோச்சா?”

அவர் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். ஜெசிந்தா அவருடைய ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்தாள். திரும்பி வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பை, கண் இரண்டும் சிவந்திருந்தன. “புளித் தூசி” என்றார். உட்கார்ந்தார், பேனாவை எடுத்தார்.

“முற்றத்துலதான் போய் முடியுது. திறந்தவெளின்னு எழுதிக்கறேன், பிரச்சினை இல்லை. பெயின்ட்டைப் பார்த்தா நாப்பது வருஷம் இருக்கும், ஏற்கெனவே இருந்த வாசல், விடுபட்டுப்போச்சுன்னு எழுதிக்கறேன், அதுவும் பிரச்சினை இல்லை. ஆனா பதினேழாவது விதி இருக்கே மேடம்.”

“பதினேழுல என்ன?”

“அவசர வழிக் கதவு வெளிப்பக்கமாத் திறக்கணும். இது உள்பக்கம் இழுத்துத் திறக்குது. போட்டோ எடுத்துக் கம்ப்யூட்டர்ல ஏத்தணும், கீல் உள்ள தெரிஞ்சா மேல இருக்கிறவங்க திருப்பி அனுப்பிடுவாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள சரிபண்ணலைன்னா இடத்துக்கே சீல் வைக்கச் சொல்லி உத்தரவு. என்னால நிறுத்த முடியாது. ஒரு கீல்தானே, ஆசாரியை விட்டு மாத்திடுங்க.”

ஜெசிந்தா எழுந்து போய்க் கீலைப் பார்த்தாள். இருபத்து மூன்றில் இந்த ஒரு விதி சரியான விதி. தீப்பிடித்தால் கூட்டம் கதவைத் தள்ளும், தள்ளினால் திறக்க வேண்டும். ஏழாம் வகுப்பில் சிஸ்டர் வரிசையில் நிறுத்தி இதையேதான் சொல்லிக்கொடுத்தார்கள். சரியான விதியை எதிர்த்துச் சண்டை போட மட்டும் எந்த சிஸ்டரும் சொல்லித் தரவில்லை. அதோடு, உரிமத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டுவதற்காகச் சுவரில் ஆணி அடித்து ஆறு வாரமாகிறது.

மறுநாள் காலை சேசுராஜ் ஆசாரி வந்தார். கதவைச் சுற்றிப் பார்த்தார், கீலைத் தடவினார்.

“இந்தப் பக்கம் வர்றதுக்குன்னு வச்ச கதவும்மா. அந்தப் பக்கம் தள்ளச் சொல்றீங்க. கதவைக் கேட்டீங்களா?”

“கதவைக் கேட்டு மாத்தறதுக்கு எனக்கு வேற வேலை இல்லை பாருங்க. ஸ்க்ரூவைப் போடுங்க.”

ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க, பழக்கதோஷத்தில் ஜெசிந்தாவே தாழ்ப்பாளில் கை வைத்தாள்.

அது விலகியது.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்மாவைப் புதைத்தவளுக்கு, ஒருநாளும் அசையாத தாழ்ப்பாள், பூப்போல விலகியது. அப்போதே அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்தும் தள்ளினாள். சாக்கடைச் சந்து. உடைந்த கக்கூஸ் பேசின் ஒன்று, அதன்மேல் ஒரு கடுவன் பூனை.

“நல்லாத் திறக்குதே” என்றார் ஆசாரி.

“வாயை மூடுங்க” என்றாள் ஜெசிந்தா.

நாலு மணிக்குப் பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தள்ளிப் பார்த்தார்கள். சந்து, சந்து, சந்து. தவமணியின் மகள் கணக்கை முடித்துவிட்டு இன்னொரு தடவை வந்து தள்ளினாள். மணி அடிக்கிற இரண்டு பேரும் தாங்களே ஏதோ தப்பு செய்துவிட்டதுபோல் மணியைப் பின்னால் ஒளித்துக்கொண்டார்கள். கனிஷ்கா நாலு பத்துவரை காத்திருந்தாள். தள்ளினாள், பார்த்தாள், சாத்தினாள். மறுபடி தள்ளினாள். பதின்மூன்று தடவை. பிறகு சந்துக்கு முதுகைக் காட்டி நிலைப்படியில் உட்கார்ந்து, சீப்பை எடுத்து, தோளுக்கு மேலாகப் பின்னால் நீட்டினாள். நாலு இருபத்தைந்து வரைக்கும் கையை இறக்கவில்லை.

“நான் பின்னி விடறேன், குடு” என்றாள் ஜெசிந்தா.

“நீங்க வேண்டாம் மிஸ். நேரமாயிடுச்சு” என்று சொல்லிச் சீப்பைப் பாக்ஸில் வைத்து மூடினாள்.

அன்று சாயந்தரமே ஆசாரியைத் திரும்பக் கூப்பிட்டுக் கீலைப் பழையபடி மாட்டச் சொன்னாள். மாட்டினார். உள்பக்கம் இழுத்தார்கள். சந்துதான் இருந்தது, பூனை மட்டும் போய்விட்டிருந்தது. வெள்ளிக்கிழமை போட்டோ எடுக்கிறவன் வருகிறானென்று கீலை மறுபடி வெளியே மாற்றினார்கள். அடுத்த வாரம் ராஜாங்கமே உரிமத்தை லேமினேட் செய்து கொண்டுவந்தார், இன்னொரு கையில் போர்வை வைத்த ஒரு பை. உரிமத்தைக் கொடுத்துவிட்டு, யாரும் பார்க்காததுபோல் நடந்து போய்த் தாழ்ப்பாளைத் திறந்தார். பையைக் கையில் பிடித்தபடியே சாக்கடைச் சந்தை எட்டிப் பார்த்தார்.

“எங்கம்மாவுக்கு... குளிருதுன்னு சொல்லுச்சு.”

“பஸ்ல போங்க. உங்களுக்கு பஸ் இருக்கு” என்றாள் ஜெசிந்தா.

தெரு இதற்கும் பழகிக்கொண்டது. மருமகள்கள் ஒரு மாசம் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, பிறகு வத்தலக்குண்டு பஸ்ஸுக்கு நேரம் கேட்டுப் பேச ஆரம்பித்தார்கள். முத்துராக்கு, தன் வீட்டுப் பழைய சைக்கிளைச் சந்தில் நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டாள். ஜெசிந்தா மட்டும் பழகவில்லை. நாலு பத்தின் வரியைக் காலியாக விடவும் முடியவில்லை, கோடு போட்டு அடிக்கவும் கை வரவில்லை. ராத்திரியெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். கதவு வந்தது கொத்தனாரால் இல்லை, அந்தத் தாளால். இரண்டாவது வாசல் இல்லை என்று தாள் ஒட்டினார்கள், மறுநாள் வாசல் வந்தது. தவக்காலம் முடிந்திருந்தது. கொத்தனாரைக் கூப்பிட்டுக் கதவைப் பெயர்த்தெடுத்து, செங்கல் வைத்து அடைத்து, பூசி, வெள்ளையடித்தாள். “இரண்டாவது வெளியேறும் வழி இல்லாமையால்” என்று தானே முத்து முத்தான எழுத்தில் எழுதி முன்கதவில் ஒட்டினாள். மூன்று நாள் ஆகியும் ஒன்றும் வரவில்லை. சீல் இல்லாத தாளைச் சுவர் மதிக்கவில்லை.

ஆபீஸில் ராஜாங்கம் இல்லை, அம்மாவுக்கு முடியவில்லையென்று ஊருக்குப் போயிருந்தார். நாலாவது ஜன்னலில் இருந்த பெண் ஃபைலைப் புரட்டினாள்.

“உங்களுக்கு உரிமம் குடுத்தாச்சேம்மா. மூணு வருஷத்துக்குச் செல்லும். அதுவரைக்கும் யாரும் வந்து பார்க்க மாட்டாங்க.”

“நான் விதியை மீறியிருக்கேன். வாசலை அடைச்சுட்டேன். நானே சொல்றேன். ரத்து பண்ணுங்க.”

“மீறினவங்களே வந்து சொல்றதுக்குப் படிவம் இல்லைம்மா.”

திங்கட்கிழமை மனு வாங்குகிற நாளில் மனு கொடுத்தாள், ரசீது கிடைத்தது. அடுத்த திங்கட்கிழமை நினைவூட்டு மனு, அதற்கும் ரசீது. ஐந்தாவது திங்கட்கிழமை, அன்றைக்குக் கிடைத்ததோடு ஐந்து ரசீதுகளையும் கிளிப் போட்டு எடுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனபோது அந்தப் பெண் எழுந்து எங்கோ போயிருந்தாள். நாற்காலி காலி, மேலே மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, சுவர்க் கடிகாரம் மூன்றரையைத் தாண்டியிருந்தது. ஜெசிந்தா கம்பிக்குள் முகத்தை வைத்து, யாராவது ஒருவருக்குக் கேட்கட்டுமென்று குரலை உயர்த்தினாள்.

“ஒரே ஒரு தாளு கேக்கறேன். இரண்டாவது வாசல் இல்லைன்னு எழுதி, சீல் குத்தி, யாராவது வந்து முன்கதவுல ஒட்டிட்டுப் போங்க. பசைகூட நான் காய்ச்சி வச்சிருக்கேன். கதவு எந்தப் பக்கம் திறக்கணும்ங்கிறதை மட்டும் இந்தத் தடவை எழுதிடாதீங்க.”